பள்ளிக்கூட வாசலுக்குப் பொறுப்பாளர் யார்?

மும்பையின் பள்ளிக்கூடச் சாலைகளையும் படகுத் துறைகளையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சரக்குக் கப்பல்களில் போசனாக, அதாவது டெக் வேலையாட்களின் மேஸ்திரியாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், குடியிருப்பது தாராவியில். இப்போதைய வேலை, பேத்தியைக் காலையில் பள்ளியில் விட்டு மதியம் கூட்டிவருவது. கப்பலில் கட்டாயமாக இருந்த ஒரு ஏற்பாடு பள்ளி வாசலில் இல்லை. அதைக் கேட்டு வாங்கத்தான் இந்த மடல். பெரிய செலவு பிடிக்கிற காரியமும் இல்லை.

அந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்துக்கு 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற கப்பல் கிளம்பியது. காரையும் லாரியையும் நேராக உள்ளே ஓட்டி ஏற்றுகிற வகைக் கப்பல். அதன் முன்கதவு திறந்தே கிடந்தது. மூட வேண்டிய உதவிப் போசன் தன் அறையில் தூங்கிப்போயிருந்தார். அந்தத் தளத்திலிருந்து கடைசியாகக் கிளம்பிய போசன், கதவை மூடுவது தன் வேலையில் சேராது என்று வந்துவிட்டார். யாராவது மூடியிருப்பார்கள் என்று அதிகாரி நினைத்துக்கொண்டார். கேப்டன் நிற்கும் இடத்திலிருந்து கதவு தெரியாது. துறைமுகத்தைத் தாண்டிய சில நிமிடங்களில் தண்ணீர் உள்ளே ஏறிக் கப்பல் சாய்ந்தது. 193 பேர் செத்தார்கள்.

போசன் வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் போசனின் பதிலை என்னால் லேசில் விட முடிவதில்லை. அதைவிட உறுத்துவது வேறொன்று. அதே கம்பெனியின் இன்னொரு கப்பல் 1983இலேயே இப்படிக் கதவு திறந்தபடி கிளம்பியிருக்கிறது. அப்போதும் காரணம் தூக்கம்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் யாரும் அலட்டிக்கொள்ளவும் இல்லை. கதவு மூடியிருக்கிறதா என்று மேலே தெரிவதற்கு ஒரு விளக்கு வையுங்கள் என்று கேப்டன் ஒருவர் எழுதிக் கேட்டார். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கிண்டலடித்து ஒதுக்கிவிட்டார்கள்.

இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் ஐஎஸ்எம் கோடு வந்தது, கப்பல்களைப் பாதுகாப்பாக நடத்துவதற்கான சர்வதேச விதித்தொகுப்பு. பயணிகள் கப்பல், எண்ணெய் டேங்கர், மொத்தச் சரக்குக் கப்பல் போன்றவற்றுக்கு 1998 ஜூலையிலிருந்து கட்டாயம், மற்ற சரக்குக் கப்பல்களுக்கு 2002 ஜூலையிலிருந்து. பக்கம் பக்கமாக இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அதில் உறைத்தது இரண்டு விஷயங்கள். ஒவ்வொரு கம்பெனியும் கரையில் ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். கம்பெனியின் தலைமையிடம் நேராகப் போய்ப் பேசும் உரிமை அவருக்கு உண்டு. அவருடைய பெயரும் போன் நம்பரும் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டியிருக்கும். அப்புறம், நியர் மிஸ், அதாவது நூலிழையில் தப்பிய விபத்தை, எழுதுவது. கிரேனிலிருந்து ஒரு ஷேக்கிள், சுமையை மாட்டுகிற இரும்புக் கொக்கி வளையம், கழன்று டெக்கில் விழுகிறது, கீழே யாருமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் எழுதி அனுப்ப வேண்டும், அலுவலகமும் என்ன செய்தோம் என்று பதில் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நாங்கள் "உடையாத மண்டைக்குக் கட்டுப் போடச் சொல்கிறான்" என்று சிரித்தோம். கொஞ்ச நாளில் ஷேக்கிள்கள் மாறின, சிரிப்பும் அடங்கியது.

சரி, இப்போது கரைக்கு வருவோம்.

பேத்தியின் பள்ளி, பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெருவில் இருக்கிறது. நடைபாதை என்று ஒன்று உண்டு. பாதித் தூரம் ஸ்கூட்டர்கள், மீதியில் கடைக்காரர்களின் மூட்டையும் எண்ணெய் டின்னும். தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது விட வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி ஐஆர்சி 103 சொல்கிறது. இந்தத் தெருவில் இரண்டு பிள்ளைகள் கைகோத்து நடக்க முடியாது. அதனால் எல்லோரும் தெருவில்தான் நடக்கிறார்கள். பள்ளி விடுகிற நேரம் பார்த்துத் தண்ணீர் டேங்கர் வரும். உள்ளே திருப்ப இடமில்லாததால் ரிவர்ஸிலேயே வரும். கிளீனர் இறங்கிப் பின்னால் நிற்பதில்லை. கதவுப் படியில் தொங்கிக்கொண்டு, தகரத்தைத் தட்டி "ஆனே தோ, ஆனே தோ" (வரட்டும், வரட்டும்) என்பதோடு சரி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை டேங்கரின் பின்னால் ஒட்டி நின்றால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. கப்பலில் சிக்னல்காரன் இல்லாமல் ஒரு மூட்டையைக்கூடக் கிரேனில் தூக்க விடமாட்டோம்.

ஒரு மதியம் அந்த டேங்கரின் பின்வால்வில் ஒரு பையனின் புத்தகப் பை மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில் பையன் கீழே விழுந்தான். நல்லவேளை, பையின் வார் அறுந்தது. எழுந்து, நசுங்கிய தண்ணீர் பாட்டிலுக்காக அழுதான். அவனுடைய அம்மா முதுகில் இரண்டு போட்டு இழுத்துக்கொண்டு போனார். டேங்கரும் போய்விட்டது. கப்பலாக இருந்திருந்தால் அன்று ராத்திரிக்குள் தாள் போயிருக்கும் என்று தோன்றியது. அதனால் நானே ஒரு தாளில் எழுதி ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அடி பட்டிருந்தால் கேஸ் போடலாம். ஒன்றும் ஆகவில்லையே காகா, எதில் பதிவது?" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பதிய இடமில்லை என்பது உண்மைதான். நடைபாதை ஒரு துறை, சாலையில் கோடு போடுவது இன்னொரு துறை, டேங்கருக்கு நேரம் குறிப்பது வேறொருவர், நிறுத்தியிருக்கும் வண்டியை எடுக்கச் சொல்வது போலீஸ். கதவை மூடுவது என் வேலை இல்லை என்று நான்கு பேரும் சொல்லலாம், நான்கு பேர் சொல்வதும் சட்டப்படி சரியாகவே இருக்கும்.

விதிகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவித்து ஹாரன் அடிக்கக் கூடாது என்கிறோம், 100 கஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது என்கிறோம். 1997இல் டெல்லியில் வஜிராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்த பிறகு, பள்ளிப் பேருந்துகளுக்கு உச்ச நீதிமன்றமே நிபந்தனைகள் போட்டது. மகாராஷ்டிராவின் 2011 பள்ளிப் பேருந்து விதிகளின்படி ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு போக்குவரத்துக் குழு உண்டு. தலைமையாசிரியர் தலைவர். போக்குவரத்துப் போலீஸ், ஆர்டிஓ, பெற்றோர் எல்லோரும் உறுப்பினர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது பேருந்தைப் பார்க்கிற குழு. எங்கள் பகுதியில் பேருந்தில் வருகிற பிள்ளைகள் எத்தனை பேர்? பெரும்பாலும் நடைதான். நடந்து வருகிற பிள்ளைக்குக் குழு கிடையாது.

நான் கேட்பது இதுதான். இருக்கிற அந்தக் குழுவின் பொறுப்பில் வாசலுக்கு இரண்டு பக்கமும் 100 மீட்டரைச் சேருங்கள். அந்த 100 மீட்டருக்கு ஒரே ஒரு அதிகாரியை நியமித்து, அவருடைய பெயரையும் நம்பரையும் பள்ளிச் சுவரில் எழுதுங்கள். துறையின் பெயர் போதாது, ஆளின் பெயர் வேண்டும். மற்றத் துறைகளைக் கூப்பிட்டு வேலை வாங்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும், இல்லாவிட்டால் அவர் பாவம், திட்டு வாங்கத்தான் ஆவார். வாட்ச்மேன் மேஜையில் ஒரு நோட்டு வையுங்கள். பை மாட்டியது, பைக் உரசியது, மூடியில்லாத சாக்கடை என்று யார் வேண்டுமானாலும், தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ எழுதட்டும். வாரம் ஒருமுறை அந்த அதிகாரி ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் அரை மணி நேரம் டேங்கரும் டெம்போவும் அந்தத் தெருவுக்குள் வரக் கூடாது. வேகத் தடையையும் சேர்த்துக் கேட்பேன். 50 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும், 30இல் வந்தால் 8 மீட்டர் சொச்சம்தான். ஆனால் எங்கள் தெருவுக்கு வேகத்தைவிட ரிவர்ஸ்தான் எமன்.

கடலில் எல்லாம் ஒழுங்கு என்றும் சொல்லவரவில்லை. 2024 டிசம்பர் 18 அன்று மும்பைக்கு அருகே எலிஃபன்டா தீவுக்குப் போன 'நீல்கமல்' பயணிகள் படகில் கடற்படையின் வேகப்படகு மோதி 15 பேர் இறந்தார்கள். பயணிகள் படகில் 100 பேருக்கு மேல் இருந்தார்கள், அனுமதி 84 பயணிகளுக்கும் 6 ஊழியர்களுக்கும்தான். அதன் பிறகு லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்றீர்கள். பிறகு நான் ஏறிய ஒரு படகில் கொடுக்கவும் செய்தார்கள். பேத்திக்கும் பெரியவர்களின் அளவே. அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். பெரிய பயணிகள் கப்பல்களில் பயணிகள் எண்ணிக்கையில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் சிறுவர் ஜாக்கெட் வேண்டும், குழந்தைகள் அதற்கு மேல் இருந்தால் ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்று கடல் பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதி சொல்கிறது. ஒரு மணி நேரப் படகுக்கும் அதையே கேளுங்கள். ஏறும்போது துறையில் ஒருவர் தலையை எண்ணி, எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே கயிறு அவிழட்டும்.

மழைக்காலத்தில் கேட்வேயிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வாவுக்குப் போகிற படகுகளை நிறுத்திவிடுகிறீர்கள். அதே ஜூனில்தான் பள்ளிகள் திறக்கின்றன. அந்த மாதங்களுக்குள் சிறுவர் ஜாக்கெட்டை வாங்கிவிடலாம். பள்ளிக்கு முதலில் ஒரே ஒரு வாசலில் ஆரம்பித்துப் பாருங்கள். நோட்டும் கயிறு கட்டிய பேனாவும் நான் வாங்கித் தருகிறேன். சுவரில் எழுத வேண்டிய பெயரை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற போசன் ஒருவன்,
தாராவி, மும்பை