எலும்பு கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

எலும்புச் செல்கள் பற்றிய என் ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரே ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருந்தேன். நெறியாளர்கள், நிதி தந்தவர்கள், அம்மா, அப்பா என்று எழுதியதிலேயே அது நிரம்பிவிட்டது. வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்தது, திருத்தங்களும் கொடுத்தாயிற்று, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இனி கொஞ்ச நாள்தான். அந்தப் பக்கத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு இங்கே தமிழில் சாவகாசமாக எழுதிவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, பெயர் தெரியாத உங்களுக்கு. இடுப்பு மூட்டு தேய்ந்து, வருஷக்கணக்கில் நொண்டி நடந்து, காத்திருப்புப் பட்டியலில் மாதக்கணக்கில் கிடந்து, கடைசியில் அறுவைக்குத் தேதி கிடைத்து வந்திருப்பீர்கள். அந்தக் கவலைக்கு நடுவில் ஒரு ஆய்வு நர்ஸ் வந்து, "உங்களிடமிருந்து எடுக்கும் எலும்பைத் தூக்கிப் போடாமல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டபோது, அதனால் உங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டப்பாவின் மேல் ஒரு எண், வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். அதற்கு மேல் தெரியக் கூடாது என்பதுதான் இங்கே ஏற்பாடு. லிவர்பூலில் இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தது வெளியே வந்து நாடே கொதித்த பிறகு, 2004இல் மனிதத் திசுச் சட்டம் வந்தது. ஆய்வுக்கு உங்கள் சம்மதத்தோடு வந்த ஒவ்வொரு துண்டுக்கும், எங்கிருந்து வந்தது, எந்தப் பெட்டியில் இருக்கிறது, எப்போது தீர்ந்தது என்று நாங்கள் கணக்கு வைக்க வேண்டும். புதிதாக வரும் மாணவர்கள் இந்தப் பேப்பர் வேலையைப் பார்த்து அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் எந்தப் புகாரும் இல்லை, இருக்க வேண்டிய வேலைதான்.

நீங்கள் கொடுத்தது எப்படி இருக்கும் என்று உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் உருண்டை அது, குறுக்களவு நாலரை, ஐந்து சென்டிமீட்டர். நல்ல மூட்டாக இருந்தால் அதன் மேல் குருத்தெலும்பு வழவழவென்று மூடியிருக்கும். உங்களுடையதில் பாதி இடத்தில் அது போயே போய்விட்டிருக்கும், எலும்போடு எலும்பு உரசி உரசி மெருகேறிப் பளபளக்கும். அந்த இடத்தைக் கையுறை போட்ட விரலால் தடவிப் பார்க்கிறபோதெல்லாம், இதை வைத்துக்கொண்டு எப்படி மாடிப்படி ஏறினீர்கள் என்றுதான் தோன்றும். ரம்பத்தால் குறுக்கே அறுத்தால் உள்ளே உலர்ந்த இடியாப்பம் மாதிரி மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், இடைவெளியெல்லாம் மஞ்சள் கொழுப்பும் ரத்தமும். அதைச் சில மில்லிமீட்டர் சில்லுகளாக வெட்டி, மஜ்ஜை போகும்வரை திரும்பத் திரும்ப அலசி, ஊட்டத் திரவம் ஊற்றிய தட்டில் போட்டு 37 டிகிரியில் வைத்துவிடுவோம். முதல் சில நாள் ஒன்றும் நடக்காது. ஒரு வாரம், பத்து நாள் போனதும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சில்லின் ஓரத்திலிருந்து நீள நீளமாகச் செல்கள் ஊர்ந்து வெளியே வந்திருக்கும். வெட்டி எடுத்துப் பத்து நாளான எலும்பு, இன்னும் உயிரோடு வேலை தேடிக்கொண்டு வருகிறது! எத்தனை முறை பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

இப்படிச் சில்லிலிருந்து மனித எலும்புச் செல்களை வளர்க்கும் முறையை நிலைநிறுத்தியதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. கிரஹாம் ரஸ்ஸல் இங்கே பேராசிரியராக இருந்த காலத்தில் பெரஸ்ஃபோர்டும் காலகரும் அவரோடு சேர்ந்து, இப்படி வளரும் செல்களுக்குச் செயல்படும் வடிவ விட்டமின் டி கொடுத்தால் அவை ஆஸ்டியோகால்சின் என்ற எலும்புப் புரதத்தைத் தயாரிக்கின்றன என்று 1984இல் காட்டினார்கள். தட்டில் வளர்வது ஏதோ ஒரு செல் இல்லை, எலும்பு கட்டுகிற செல்தான் என்பதற்கு அது சாட்சி. அதற்கு முந்தைய வருடம் இதே குழுவிலிருந்து மேக்சின் கோவன் இன்னொன்றைக் காட்டியிருந்தார். நோய் எதிர்ப்புச் செல்கள் விடுகிற இன்டர்லூகின்-1 போன்ற பொருள் எலும்பைக் கரையத் தூண்டுகிறது என்பது. மூட்டுவாதத்தில் எலும்பு ஏன் அரிக்கப்படுகிறது என்ற கேள்விக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்டது.

ரஸ்ஸலுக்கு எங்கள் வீட்டின் சார்பாகவும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. 1960களில், இளைஞராக, சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ஹெர்பர்ட் ஃபிளைஷுடன் வேலை பார்த்தார். தண்ணீர்க் குழாயில் உப்புப் படியாமல் இருக்கச் சேர்க்கும் பாஸ்பேட் வகையைச் சேர்ந்த பைரோபாஸ்பேட் நம் ரத்தத்திலும் சிறுநீரிலும் இருக்கிறது, கால்சியம் படிகம் வளராமல் தடுக்கிறது என்று அங்கே கண்டுபிடித்தார்கள். ஆனால் அதை மருந்தாகக் கொடுத்தால் உடம்பில் உள்ள என்சைம்கள் உடைத்துவிடும். சரி, உடைக்க முடியாத ஒன்றைச் செய்வோம் என்று, நடுவில் இருக்கிற ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன் இருக்கும் பிஸ்பாஸ்போனேட்டுகளைப் பரிசோதித்து 1969இல் வெளியிட்டார்கள். அது படிகத்தைத் தடுத்ததோடு எலும்பு அரிபடுவதையும் தடுத்தது. இன்று எலும்புப்புரைக்கு உலகம் முழுக்க எழுதிக் கொடுக்கிற அலெண்ட்ரோனேட் அந்தக் குடும்பத்து மாத்திரைதான், என் அம்மாவும் திருச்சியில் வாரம் ஒன்று போட்டுக்கொள்கிறார். வெறும் வயிறு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. "காபியோடு போட்டா என்னடா ஆகும்?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வழக்கமாக உடம்பில் சேர்கிற கொஞ்சம் மருந்திலும் பாதிக்கு மேல் சேராது, அதுதான் ஆகும் அம்மா.

எங்கள் மையத்துக்கு எட்வர்ட் மெலன்பியின் பெயர். நாய்க்குட்டிகளை வெளியே விடாமல் வைத்து ஓட்ஸ் உணவு கொடுத்தால் எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய் வருகிறது, காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தால் சரியாகிறது என்று 1919இல் எழுதினார். அடுத்த வருடம் ஷெஃபீல்டுக்கு மருந்தியல் பேராசிரியராக வந்து 1933 வரை இருந்தார். குழந்தைகளின் கால் வளைந்து போவதற்குக் காரணம் சாப்பாட்டில் இருக்கலாம் என்பதே அன்று பெரிய சண்டை. நாய்களை வீட்டுக்குள் வைத்ததால் வெயிலின் பங்கு அவர் கண்ணில் சரியாகப் படவில்லை என்று இப்போது நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனாலும் விட்டமின் டி என்று ஒன்றுக்குப் பெயர் வைக்கும் முன்பே அதன் வேலையைக் கண்ணால் காட்டியவர் அவர்.

அவருடைய உறவினரான கென்னத் மெலன்பியும், சிட்ரிக் அமிலச் சுழற்சிக்காக நோபல் பரிசு பெற்ற ஹான்ஸ் கிரெப்ஸும் இரண்டாம் உலகப் போரின்போது இதே ஊரில் நடத்திய சோதனைகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். மனசாட்சிக்கு விரோதம் என்று துப்பாக்கி எடுக்க மறுத்த இளைஞர்கள், ஊருக்கு வேறு விதத்தில் உதவுகிறோம் என்று முன்வந்தார்கள். விட்டமின் சி சோதனையில் 20 பேர், அதில் 10 பேருக்கு அந்த விட்டமினே கிடையாது. மாதக்கணக்கில் அப்படியே இருந்து, ஈறு வீங்கி, ஸ்கர்வி வந்து, தொடையில் கீறச் சம்மதித்து, அந்தக் காயம் ஆறுகிறதா என்று பார்க்கவும் விட்டார்கள். தினம் 10 மில்லிகிராம் போதும் ஸ்கர்வி போக என்பது அவர்கள் உடம்பில் கற்ற பாடம். எலும்புக்கும் காயத்துக்கும் அடிப்படையான கொலாஜன் ஒழுங்காக உருவாக விட்டமின் சி வேண்டும் என்று நாங்கள் வகுப்பில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவதன் பின்னால் அவர்களும் இருக்கிறார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. இருந்தாலும் அவர்களுக்கும் நன்றி.

அப்புறம் யானைகள். சிரிக்காதீர்கள். எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல் எவ்வளவு தின்கிறது என்று அளக்க, அதற்கு ஒரு தட்டையான, ஓட்டை எதுவும் இல்லாத பரப்பு வேண்டும். எலும்பில் ஏற்கெனவே ரத்தக்குழாய்ப் பாதைகளும் செல் குழிகளும் இருக்கும், எது பழைய குழி, எது புதிதாகத் தோண்டியது என்று குழப்பும். தந்தத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் பிரிட்டனின் எலும்பு ஆய்வுக்கூடங்களில், சுங்க அதிகாரிகள் கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த தந்தத்தை மெல்லிய வில்லைகளாக அறுத்துப் பயன்படுத்துவது வழக்கம். பல ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் சுங்கத் துறைக்கு நன்றி இருப்பதைப் பார்க்கலாம். யானைக்கு நன்றி சொன்ன கட்டுரை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அந்த வில்லை மேல், மனித ரத்தத்திலிருந்து வளர்த்த ஆஸ்டியோகிளாஸ்டுகளை விட்டு, சில நாள் கழித்துச் சாயம் ஏற்றினால் செல்கள் சிவப்பாகவும், அவை அரித்துக்கொண்டே நகர்ந்த தடம் நீளக் குழியாகவும் தெரியும். ரத்தம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பக்கத்து அறைக்காரர்கள். கையை நீட்டிவிட்டு ஒரு பிஸ்கட்டோடு திருப்திப்பட்டுப் போனீர்கள், நல்ல மனசு உங்களுக்கு.

எங்கள் ஹிஸ்டாலஜி டெக்னீஷியனுக்கு நான் தனியாக ஒரு மடலே எழுத வேண்டும். எலும்பை அப்படியே சீவ முடியாது, கத்தி போய்விடும். இடிடிஏ கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்துச் சுண்ணாம்பை இறக்கி, மெழுகில் புதைத்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிமனுக்குச் சீவ வேண்டும். சீவிய நாடா சுருண்டுகொள்ளும். அவர் ஓவியம் தீட்டும் தூரிகை ஒன்றின் நுனியால் அதைத் தொட்டும் தொடாமலும் தூக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, அது விரிந்த அந்த நொடியில் கீழேயிருந்து கண்ணாடித் தகட்டைக் கொண்டுபோய் அள்ளிவிடுவார். பேச்சு நிற்காது, கை மட்டும் ஆடாது. நான் அவசரப்படும்போது "மெதுவா, லவ்" என்பார். இந்த ஊரில் பஸ் டிரைவர் முதல் எல்லோரும் எல்லோரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள், முதல் மாதம் எனக்குக் கூச்சமாக இருந்தது, இப்போது யாராவது சார் என்றால்தான் திரும்பிப் பார்க்கிறேன். கட்டுரையில் அவர் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லாமல் கடைசி வரியில் "தொழில்நுட்ப உதவி" என்று வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை, இதைக் குழுக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஆய்வு எலிகளை வளர்க்கும் எலி வீட்டுப் பணியாளர்களுக்கும் நன்றி. கிறிஸ்துமஸ் அன்றும் பனி கொட்டும் அன்றும் யாராவது ஒருவர் உள்ளே போய் ஒவ்வொரு கூண்டாகப் பார்த்திருக்கிறீர்கள். எங்களுக்கு முன்னால் நோயைக் கண்டதும் நீங்கள்தான், இந்த எலிக்கு வலிக்கிறது, நிறுத்து என்று சொன்னதும் நீங்கள்தான்.

நார்தர்ன் ஜெனரல் மருத்துவமனையில் ஆய்வுக்கு வந்து ஸ்கேனுக்குப் படுத்த பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் நன்றி. ஷெஃபீல்டில் ஜான் கானிஸ் தலைமையில் 2008இல் வந்த ஃபிராக்ஸ் கணிப்பான், பல நாடுகளில் உங்களைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் வருஷக்கணக்கில் கேள்விகளுக்குப் பதில் சொன்னதால்தான் உருவானது. வயது, எடை, முன்பு எலும்பு முறிந்ததா, புகை உண்டா, ஸ்டீராய்டு உண்டா, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததா என்று பன்னிரண்டு விவரம். அடுத்த பத்து வருடத்தில் எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லிவிடும். ஸ்கேன் இல்லாவிட்டாலும் கணக்குப் போடும், இந்தியாவுக்கென்று தனிக் கணக்கும் இருக்கிறது. இந்தத் துறையில் எத்தனையோ மூலக்கூறுகளைத் துரத்துகிறோம், எனக்கு என்னவோ இந்தக் கேள்விப் பட்டியல்தான் அதிகம் பேரைக் காப்பாற்றும் என்று தோன்றுகிறது. என் நெறியாளர் இதைப் படிக்க முடியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

குழுவில் இருந்தவர்களே, உங்களுக்கு நேரில் சொல்லியாயிற்று. செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திரவம் மாற்றியே ஆக வேண்டும். நான் ஊருக்குப் போனபோது என் தட்டுகளைப் பார்த்துக்கொண்டவர்களின் கடனை மாற்று ஞாயிறுகளில் அடைத்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். பாக்கி இருந்தால் கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அக்காவுக்கு. தமிழில் எழுதியதற்கு நீங்களும் ஒரு காரணம், இதை நேராகப் படிக்கக் கூடியவர் நீங்கள்தான். காலையில் போன் வரும்: "தம்பி, இண்டைக்கு ரெண்டு கிடக்கு, வந்து எடுத்துக்கொண்டு போங்கோ." எலும்பு வெளியே அறைச் சூட்டில் கிடந்தால் செல் செத்துவிடும் என்று ஒரு முறை சொன்னதுதான், அதற்கப்புறம் டப்பா குளிரில் இல்லாத நாள் கிடையாது. மழையில் நனைந்து வந்து நின்றால் புட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்து அனுப்பினீர்கள். அந்த எவர்சில்வர் டப்பாக்கள் கழுவித் துடைத்து என் மேசையில் இருக்கின்றன. வியாழக்கிழமை மதியம் கொண்டுவந்து தருகிறேன், அதில் அம்மா அனுப்பிய முறுக்கு இருக்கும். மற்ற நர்ஸ்களுக்கும் கொடுங்கள், புதிதாக வரும் பையனுக்கு உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் திருச்சித் தம்பி