ரிஷப் பண்டின் உடைந்த பாதமும் உங்கள் விதிப்புத்தகமும்

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் ஆடவர் கிரிக்கெட் குழுவினருக்கும் அதன் தலைவர் சௌரவ் கங்குலி அவர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஜூலை 24, வியாழக்கிழமை. எங்களுக்கு ஆடி அமாவாசை. காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக் கூட்டத்தில் முட்டி மோதி, அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து, படையல் சாப்பாட்டில் உண்ட மயக்கம் தெளியாமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சித்தப்பா. வயது எழுபத்து நான்கு. முதல் நாள் சாயங்காலம் முழுக்க நம் விக்கெட் கீப்பர் ரிஷப் பண்டைத் திட்டித் தீர்த்தவர் அவர்தான். மான்செஸ்டரில் இந்தியா–இங்கிலாந்து டெஸ்ட். இங்கிலாந்தின் வோக்ஸ் காலடியில் போட்ட பந்தை, எதிர்ப்பக்கம் திருப்பி அடிக்கும் ரிவர்ஸ் ஸ்வீப் ஆடப் போய், மட்டையின் உள்விளிம்பில் பட்டு வலது பாதத்தில் வாங்கிக்கொண்டார் பண்ட். காலுறையைக் கழற்றியபோது வீக்கமும் ரத்தமும் தெரிந்தன. சின்ன வண்டியில் உட்கார வைத்துத்தான் மைதானத்தைவிட்டு அழைத்துப் போனார்கள். "தேவையா அந்த ஷாட்?" என்று சித்தப்பா கேட்ட கேள்வியை அன்று இரவு இந்தியாவில் பாதிப் பேர் கேட்டிருப்பார்கள்.

வியாழன் மாலை ஐந்து மணிவாக்கில் ஷார்துல் தாக்குர் ஆட்டமிழந்தார். மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானப் படிக்கட்டில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஓர் உருவம் இறங்கியது. சித்தப்பா எழுந்து நின்றார். முழங்கால் வலிக்காரர், சாமி புறப்பாட்டுக்குக்கூட நாற்காலி போட்டு உட்கார்ந்தே கும்பிடுகிறவர். நானும் நின்றேன். கை தட்டினோம். அங்கே இங்கிலாந்து ரசிகர்களும் எழுந்து நின்றுதான் தட்டினார்கள்.

எனக்கு அந்தக் கைத்தட்டலைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

37 ரன்னில் வெளியேறியவர் திரும்பி வந்து 54 வரை போனார். இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆர்ச்சரின் வேகம் குறைந்த பந்தை சிக்ஸருக்கு இழுத்தார். அவர்கள் கேப்டன் ஸ்டோக்ஸை பவுண்டரிக்கு அடித்து அரைச் சதம் கண்டார். பிறகு ஆர்ச்சர் பந்தில் ஸ்டம்ப் பறந்தது. கூடுதலாகக் கிடைத்தவை 17 ரன்கள். அவர் வந்தபோது எதிர்முனையில் நம் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர். ஒவ்வொரு ஒற்றை ரன்னுக்கும் பண்ட் நொண்டி நொண்டி வந்ததைப் பார்க்கையில் என் வலது கால் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொண்டது.

அதற்குக் காரணம் உண்டு. நானும் விக்கெட் கீப்பர்தான். உங்கள் பதிவேட்டில் வரும் ரகமில்லை. மாவட்ட லீகில் கடைசி டிவிஷன், மேட் விரித்த ஆடுகளம், கேன்வாஸ் ஷூ. 1998இல் பேட் செய்யும்போது ஒரு யார்க்கர் நேராகப் பாதத்தில் இறங்கியது. பஸ்ஸில் போயிருந்த எங்கள் அணியில் சரியாகப் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆளுக்குப் பஸ் காசு கிடையாது. ஷூவைக் கழற்றினால் மறுபடி மாட்ட முடியாது என்று ஒரு பெரியவர் சொன்னார். கழற்றாமலே முப்பது ஓவர் கீப்பிங் செய்தேன். எல்லோரும் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அன்று இரவு ஷூவைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் சிம்பு வைத்து, துணி சுற்றி ஒரு கட்டு. ஆறு வாரம் குதிகாலால் நடந்தேன். எலும்பு ஒட்டியது, கொஞ்சம் கோணலாக. இன்றைக்கும் மார்கழிக் குளிரில் செருப்பு வார் அந்த மேட்டில் பட்டால் சுருக்கென்கிறது. முதுகில் தட்டிக் கொடுத்தவர்களில் ஒருவருக்கும் அந்த ஆட்டம் இப்போது நினைவில்லை.

எங்களிடம் பன்னிரண்டாவது ஆள் இல்லை. உங்களிடம் இருக்கிறார். நம் அணியின் இன்னொரு விக்கெட் கீப்பர் துருவ் ஜுரெல் அன்று அதே மைதானத்தில், அதே சீருடையில், நல்ல இரண்டு கால்களோடு இருந்தார். 2017 விதிமாற்றத்துக்குப் பிறகு நடுவர்கள் சம்மதித்தால் மாற்று வீரர் கீப்பிங் செய்யலாம். ஆகவே இங்கிலாந்து 669 ரன் குவித்த 150 ஓவருக்கு மேற்பட்ட நேரமும் ஸ்டம்புக்குப் பின்னால் ஜுரெல் குந்தி எழுந்தார். ஆனால் ஒரே ஒரு பந்தைக்கூட அவர் மட்டையால் தொடக்கூடாது. கீப்பிங் செய்யலாம், பேட் செய்யக்கூடாது. சமையலறையில் நின்று அத்தனையும் சமைக்கலாம், பந்தியில் மட்டும் உட்காரக்கூடாது என்பதுபோல.

பேட்டிங்குக்கு மாற்று இல்லையென்றால் ஓடுவதற்காவது ஒரு ரன்னரை, அதாவது அடிபட்டவருக்காக ரன் மட்டும் ஓடும் ஆளை, தந்திருக்கலாமே என்று புதிதாகக் கிரிக்கெட் பார்க்கும் என் அண்ணன் மகள் கேட்டாள். 2011 அக்டோபரில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ரன்னரை எடுத்துவிட்டீர்கள் என்பதை அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. தசைப்பிடிப்பு என்று சொல்லி வேகமாக ஓடும் ஆளை இறக்கிவிட்டார்கள் என்பது அப்போது சொன்ன காரணம். நியாயமான புகார்தான். அதற்காக எலும்பு முறிந்தவனையும் பொய்க்காரனோடு சேர்த்து ஓட வைத்துவிட்டீர்கள்.

பண்டின் அந்தக் கால் வெறும் கால் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பர் 30 அதிகாலை ரூர்க்கி அருகே கார் விபத்தில் வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. கணுக்காலிலும் கால்விரலிலும் அடி. 2024 மார்ச்சில் ஐபிஎல்லில் திரும்பி வரும்வரை ஏறக்குறைய பதினைந்து மாதம் அவர் இல்லாத கிரிக்கெட்டைத்தான் பார்த்தோம். அடிபட்டது அதே வலது கால். இந்தத் தொடரில் ஹெடிங்லியில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் (134, 118) அடித்தவர்; ஒரே டெஸ்டில் அப்படி இரண்டு சதம் அடித்த விக்கெட் கீப்பர் அவருக்கு முன் ஆண்டி ஃபிளவர் ஒருவர்தான். லார்ட்ஸில் விரலில் அடி. மான்செஸ்டரில் கால். ஓவல் டெஸ்ட் போயிற்று. அக்டோபரில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான இரண்டு டெஸ்டும் போயின. அக்டோபர் கடைசியில் பெங்களூரில் தென்னாப்பிரிக்கா ஏ அணிக்கு எதிராகத்தான் மறுபடி மட்டை பிடித்தார். மூன்று மாதம். அந்த 17 ரன்னால்தான் மூன்று மாதம் ஆயிற்று என்று வாதாட நான் வரவில்லை; எலும்பு அதற்கு முன்பே உடைந்துவிட்டது. உடைந்த எலும்போடு அவரை இறங்க வைத்தது எது என்பதுதான் என் கேள்வி. அவருடைய நெஞ்சுரம் பாதி. மீதி உங்கள் விதி. அவர் வராவிட்டால் இந்தியா ஒரு விக்கெட் குறைவாக ஆடியிருக்கும். அதை அறிந்த எந்த வீரனும் படுத்திருக்க மாட்டான்.

(இடையில் ஒரு சந்தோஷம்: பண்டுக்குப் பதிலாக ஓவல் டெஸ்டுக்கு அழைக்கப்பட்டவர் எங்கள் கோயம்புத்தூர் ஜெகதீசன். 2022 விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 அடித்தவர். ஒருவன் கால் உடைந்துதான் இன்னொருவனுக்குக் கதவு திறக்க வேண்டுமா என்று வருத்தமும் உண்டு. ஆடும் பதினோரு பேரில் இடம் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.)

கங்குலி அவர்களே, இந்த இடத்தில் உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 2002 மே, ஆன்டிகுவா. வெஸ்ட் இண்டீஸின் மெர்வின் டில்லன் பந்து தாடையில் பட்டு எலும்பு முறிந்த அனில் கும்ளே, தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டோடு வந்து தொடர்ந்து 14 ஓவர் வீசி லாராவை வீழ்த்தினார். அன்று கேப்டன் நீங்கள். அந்தப் படம் எங்கள் தலைமுறையில் பலர் வீட்டில் சுவரில் ஒட்டியிருந்தது, என் வீட்டிலும். அந்தப் படத்தில் இல்லாத ஒன்று உண்டு. அது பதினோரு இந்தியர்களும் பந்து வீசிய ஆட்டம். கீப்பர் அஜய் ராத்ராகூடக் கையுறையைக் கழற்றிவிட்டு வீசினார். முதன்மைச் சுழற்பந்து வீச்சாளர் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலையில், அவருக்குப் பதில் வீச விதிப்படி ஒருவரும் கிடையாது. அந்த நெருக்கடி உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? பின்னாளில் இதே குழுவின் தலைமை நாற்காலியில் கும்ளே இருந்தார். அவருக்குப் பிறகு நீங்கள். தலையில் அடிபட்டவருக்கு மாற்று வீரர் என்ற விதி 2019இல் வந்ததும் கும்ளே தலைமையில் இருந்த காலத்தில்தான். தலைக்குக் கிடைத்த நியாயம் காலுக்கு ஏன் இன்னும் வந்து சேரவில்லை?

மறுதரப்பை மறைக்க மாட்டேன். நம் பயிற்சியாளர் கம்பீர் மாற்று வீரர் வேண்டும் என்றார். ஸ்டோக்ஸ் அபத்தம் என்றார். எந்த வேகப்பந்து வீச்சாளரை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்தாலும் ஏதோ ஒரு வீக்கம் தெரியும், அதைக் காட்டிப் புது ஆளைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் அணியே அதற்குச் சாட்சி. 2025 ஜனவரியில் புனே டி20 ஆட்டத்தில் தலையில் அடிபட்ட பேட்டிங் ஆல்ரவுண்டர் ஷிவம் துபேவுக்குப் பதில் வேகப்பந்து வீச்சாளர் ஹர்ஷித் ராணா வந்து மூன்று விக்கெட் எடுத்தார். வெளியேறியவர் செய்யும் வேலையையே செய்பவர்தான் மாற்றாக வரலாம் என்பது விதி. அது "ஒத்த மாற்று" என்றால் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் ஒன்றுதான். சித்தப்பாவே அன்று முகம் சுளித்தார்.

ஆனால் ஸ்டோக்ஸ் சொன்ன வீக்கம் வேறு, எக்ஸ்ரேயில் தெரியும் முறிவு வேறு. இந்தக் கோட்டை எங்கள் வாரியம் ஏற்கெனவே கிழித்துவிட்டது. 2025-26 பருவத்தின் பல நாள் உள்நாட்டு ஆட்டங்களில், ஆட்டத்தின்போது வெளிக்காயமாக எலும்பு முறிவோ ஆழ்ந்த வெட்டோ மூட்டு விலகலோ ஏற்பட்டால், ஆட்ட நடுவர் பார்த்து ஒத்த மாற்று வீரரை அனுமதிக்கலாம் என்று விதி வந்தது. அவ்வளவுதான். தசை இழுத்தது, முதுகு பிடித்தது எதுவும் செல்லாது. 2025 நவம்பரில் கொல்கத்தா டெஸ்டில் எங்கள் கேப்டன் சுப்மன் கில் கழுத்துப் பிடிப்போடு வெளியேறினார். 124 ரன் இலக்கைத் துரத்தப் பத்துப் பேரோடு இறங்கிய நாங்கள் 93இல் சுருண்டோம். அதற்கு மாற்று கேட்க மாட்டேன். என் அணி தோற்றாலும் சரி, கழுத்துப் பிடிப்புக்கு எக்ஸ்ரே சாட்சி சொல்லாது. கூடவே ஒரு நிபந்தனையும் சேருங்கள்: மாற்றப்பட்டவர் இரண்டு வாரத்துக்கு எந்த ஆட்டத்திலும் ஆடக்கூடாது. நடிக்க நினைப்பவன் அங்கேயே யோசிப்பான்.

இது இந்தியாவுக்காக மட்டும் கேட்பதாக எண்ண வேண்டாம். ஐந்து டெஸ்ட் கொண்ட அந்த ஒரே தொடரில் லார்ட்ஸில் இங்கிலாந்தின் ஷோயப் பஷீர் இடது கைவிரல் முறிந்த நிலையில் வந்து கடைசி விக்கெட்டான சிராஜை வீழ்த்தினார். ஓவலில் முதல் நாளே தோள்பட்டை விலகிய வோக்ஸ், ஐந்தாம் நாள் 17 ரன் தேவைப்பட்டபோது, ஒரு கையை ஸ்வெட்டருக்குள் கட்டி வைத்துக்கொண்டு பதினோராவது ஆளாக இறங்கினார். ஒரு பந்தும் சந்திக்கவில்லை. எதிர்முனைக்கு ஓடும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்தீர்களா? இந்தியா ஆறு ரன்னில் வென்றது. நான் குதித்தேன், பொய் சொல்லவில்லை. குதித்துவிட்டு உட்கார்ந்தபோது, நாங்கள் வென்றது பத்துப் பேரை என்ற எண்ணம் வந்து பாயசத்தில் கல் கடிபட்டதுபோல் ஆயிற்று. பண்டின் காலை உடைத்த பந்தை வீசியவரும் வோக்ஸ்தான். பிறகு இருவரும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டார்களாம். வோக்ஸ் செப்டம்பரில் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்தே விடைபெற்றுவிட்டார்.

சக ரசிகர்களைப் பற்றியும் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். படிக்கட்டில் நொண்டியபடி இறங்கும் அந்தக் காட்சியை எத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருப்போம்? போர்வீரன் என்றோம், சிங்கம் என்றோம். அடுத்த மூன்று மாதம் அவர் கால் எப்படி இருக்கிறது என்று எத்தனை பேர் தேடிப் பார்த்தோம்? நாங்கள் இப்படித்தான். காட்சிக்குக் கை தட்டுவோம். எங்கள் கைத்தட்டலை ஆதாரமாக வைத்து, ரசிகர்களுக்கு இதுதான் பிடிக்கிறது என்று மட்டும் கோப்பில் எழுதிவிடாதீர்கள். முறிவும் விலகலும் எக்ஸ்ரேயில் தெரிந்தால் டெஸ்டிலும் மாற்று வீரர் பேட் செய்யட்டும், பந்து வீசட்டும். அது அடுத்த கூட்டத்தில் முடியாதென்றால், அடிபட்டவருக்கு ரன்னரையாவது திருப்பிக் கொடுங்கள்.

இன்னொரு சிறு வேண்டுகோள். அன்று பண்ட் ஆட்டமிழந்து திரும்பிப் படியேறியபோது சித்தப்பா மெதுவாக உட்கார்ந்து, "அந்த இன்னொரு பையன் சும்மாதானே இருக்கிறான், அவனை ஏன் இறக்கவில்லை?" என்று கேட்டார். ஜுரெலைச் சொன்னார். நான் விதியைச் சொன்னேன். "யார் போட்ட விதி?" என்றார். உங்கள் குழுவைச் சொன்னேன். அவர்களுக்கு எழுது என்றார், எழுதிவிட்டேன். பதில் போட்டால் தமிழில் போடுங்கள். அவருக்குக் கண்ணில் புரை. நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு பழைய விக்கெட் கீப்பர்