தென்பெண்ணையின் சேற்றையும் மீனையும் சோதியுங்கள்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர்களுக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும் வணக்கம்.

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே தென்பெண்ணை ஆற்றில் நுரை எழும்பினால் டிவிக்காரர்கள் வருகிறார்கள், நாலு நாள் பேசுகிறார்கள், நுரை அடங்கியதும் பேச்சும் அடங்கிவிடுகிறது. நான் எழுதுவது நிறமும் வாடையும் காட்டாமல் ஆற்றில் கரைந்து போகக்கூடிய பாதரசத்தைப் பற்றி.

குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். தண்ணீர் அந்த வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரு தாள் வந்தால் மட்டும் நிம்மதியாக இருக்க முடியாது. பாதரசம் வண்டலோடு ஒட்டி அடியில் படிந்துவிடும். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் பாக்டீரியாக்கள் அதை மீத்தைல் பாதரசமாக, அதாவது உயிர்களின் உடம்பில் எளிதில் ஏறி நரம்பையும் மூளையையும் பாதிக்கும் வடிவமாக, மாற்றும். அப்புறம் பாசியில் ஏறி, சின்ன மீனுக்குப் போய், அதைத் தின்கிற பெரிய மீனில் சேர்ந்து, படிக்குப் படி கூடி, தண்ணீரில் இருந்ததைப் போல லட்சக்கணக்கான மடங்கு சதையில் தங்கிவிடும். கழுவினாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது.

கீழே போய்க் கடலோரத்தில் சேர்வது நமக்கெதற்கு என்று மாவட்ட எல்லையோடு கோப்பை மூடிவிடாதீர்கள். கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை), காவேரிப்பட்டணம், தருமபுரியின் இருமத்தூர், சாத்தனூர் எல்லாம் தாண்டி இந்த ஆறு கடலூர் தாழங்குடாவில் கடலைத் தொடுகிறது. அணைகள் வண்டலைப் பிடித்து வைக்கும்தான், ஆனால் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு வந்த மாதிரி வெள்ளம் வந்தால் சேறு கிளம்பிக் கீழே போகும். முகத்துவாரத்துச் சேற்றில் கடல்நீரின் சல்பேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் அதிகம், மீத்தைல் பாதரசத்தை உண்டாக்குவதில் முக்கியமானவை அவைதான். இறாலும் மீன் குஞ்சுகளும் வளர்கிற இடமும் அதுவே.

ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவை விட்டது. அந்த மீனைத் தின்றவர்களுக்கு வந்த நரம்பு நோய் 1956-லேயே பதிவாகியும், ஆலைதான் காரணம் என்று அரசு ஒத்துக்கொள்ள 1968 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் பெரிய அறிகுறி எதுவும் இல்லாத தாய்மார்களுக்கும் மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்த அந்த ஊர்ப் பெயரில் உள்ள சர்வதேச உடன்படிக்கையை 2018-ல் இந்தியாவும் ஏற்றிருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையை 2001-ல் மூடிய பிறகும் மண்ணில் கலந்த பாதரசம் வருடக்கணக்கில் அங்கேயே கிடந்தது.

பீதி கிளப்ப இதை எழுதவில்லை. ஆனால் ஓசூரில் இத்தனை தொழிற்சாலைகள், குப்பையில் உடைகிற டியூப் லைட்டுகள், பழைய பிபி கருவிகள், எலெக்ட்ரானிக் கழிவு எல்லாம் ஒரே ஆற்றின் கரையில் இருக்கும்போது சோதித்துப் பார்ப்பது உங்கள் கடமை. கே.ஆர்.பி. அணைக்கு வருகிறவர்கள் மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்புவது அபூர்வம், அந்தக் கடைக்காரர்களும் வலை போடுகிறவர்களும் ஏதோ ஒரு வாட்ஸ்அப் வதந்தியால் பிழைப்பை இழக்கக் கூடாது.

கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி., சாத்தனூர், தாழங்குடா நாலு இடத்திலும் அடிச்சேற்றையும், விரால் மாதிரி மீனைத் தின்னும் மீன்களின் சதையையும் மழைக்கு முன்பும் பின்பும் எடுத்து, மொத்தப் பாதரசம், மீத்தைல் பாதரசம் இரண்டையும் அளந்து பாருங்கள். வருவது நல்ல முடிவோ கெட்ட முடிவோ, தமிழில் எழுதி மீன் கடைகளில் ஒட்டுங்கள். கர்ப்பிணிகள் எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அங்கன்வாடிகளில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு குடிமகன்