திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் கிடக்கும் மேசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழ் கைக்கு வந்ததும் நான் முதலில் திருப்புவது நூல் அறிமுகப் பக்கத்தைத்தான். சென்ற இதழில் ஐந்து நூல்கள் அறிமுகமாகியிருந்தன. நான்கு நாவல், ஒன்று கவிதை. அதற்கு முந்தைய இதழிலும் ஏறக்குறைய அதேதான். நாவல் என்றால் எனக்கு உயிர். அதனால் இதை ஒரு குறையாகச் சொல்லவே கொஞ்சம் தயக்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே ஒரு தேங்காய்க் களத்தில் 18 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். எத்தனை லோடு காய் இறங்கியது, எவ்வளவு தேங்காய்ப் பருப்பு ஏறியது, உடைக்கிறவர்களுக்கு வாரக்கூலி எவ்வளவு என்பதுதான் வேலை. சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போய்விடுவேன். பல வருஷம் அங்கே நாவல் அலமாரி முன்னால் மட்டும்தான் நின்றிருக்கிறேன். ஒரு எழுத்தாளர் பிடித்துவிட்டால் அவர் எழுதியதை எல்லாம் படிப்பேன். அது தீர்ந்ததும் அவரைப் போலவே எழுதுகிற இன்னொருவரைத் தேடுவேன். பின்பக்க அலமாரிகளில் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு மேசை உண்டு. திருப்பிக் கொடுக்கிற புத்தகங்களைப் பதிந்துவிட்டு அதில் அடுக்குவார்கள். ஆள் இருந்தால் அன்றைக்கே அலமாரிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாள் அங்கேயே கிடக்கும். ஒரு சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக முடியாமல் அந்த மேசை ஓரமாக நின்றபோதுதான் முதல்முறையாக அதைப் பார்த்தேன். மேலே ஒரு துப்பறியும் கதை. அதன் கீழே வீட்டு வயரிங் பற்றி ஒரு கையேடு. அப்புறம் சித்தர் பாடல் உரை, அரசுத் தேர்வுக்கான பொது அறிவு, சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல், சோவியத் காலத்து வழவழத் தாளில் ஒரு சிறுவர் கதை. எல்லாவற்றுக்கும் அடியில் பறவைகள் பற்றி ஒரு மெல்லிய புத்தகம். அட்டை கழன்று நூல் தெரிந்தது. அலமாரியில் இவை ஒன்றையொன்று பார்த்திருக்கவே முடியாது. அந்த வாரம் எங்கள் ஊர் என்னென்ன யோசித்தது என்பது அந்த ஒரு மேசையில் கிடந்தது.

பறவைப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தேதிச் சீட்டில் கடைசியாக விழுந்திருந்த முத்திரை இரண்டு வாரத்துக்கு முந்தையது. அதற்கு மேலே இருந்தது 2009. அத்தனை வருஷம் யாரும் தொடாத புத்தகத்தை ஒருவர் எடுத்துப் படித்திருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் எடுக்காமல் இருந்திருந்தால் அது மேசைக்கு வந்திருக்காது, என் கைக்கும் வந்திருக்காது. வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன்.

அடுத்த வைகாசியில் எங்கள் களத்தின் மேற்கு மூலையில், சல்லி கொட்டி வைத்திருந்த இடத்தில், ஓர் ஆட்காட்டிப் பறவை கத்திக்கொண்டே என் தலைக்கு மேல் சுற்றியது. முன்பு என்றால் இதென்ன தொல்லை என்று போயிருப்பேன். அது கூடு கட்டாமல் வெறும் தரையிலேயே முட்டையிடும் என்று படித்திருந்ததால், எடுத்த காலை அப்படியே நிறுத்திக் கீழே பார்த்தேன். நான்கு முட்டைகள். சல்லிக்கல் நிறத்திலேயே, கரும்புள்ளி தெளித்த மாதிரி இருந்தன. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன். சுற்றிலும் தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து அடையாளம் வைத்தேன். டிராக்டர்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, ஆட்காட்டிக்கு வேலியா போட்டிருக்கீங்க?" என்றார். அப்புறம் ஒரு மாதத்துக்கு அவரும் வண்டியைத் தள்ளியேதான் திருப்பினார். அத்தனை வருஷம் நடந்த களத்தில் அந்த மூலையை நான் அன்றுதான் பார்த்தேன். எத்தனையோ நாவல் கொடுத்த சந்தோஷத்துக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை.

அதிலிருந்து ஒரு புத்தகம் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. காட்டுயிர் பற்றி யார் தமிழில் எழுதுகிறார்கள் என்று கேட்கப்போக, தியடோர் பாஸ்கரன் பெயரைச் சொன்னார்கள். பிறந்த ஊர் தாராபுரம் என்று பார்த்ததும் எனக்கு ஒரே ஆச்சரியம். பஸ் ஏறினால் போய்விடலாம், அவ்வளவு பக்கம். அஞ்சல் துறையில் தமிழ்நாட்டுத் தலைமைப் பொறுப்பு வரை இருந்தவர், பறவை, விலங்கு பற்றியும் எழுதியிருக்கிறார், தமிழ் சினிமாவின் வரலாற்றையும் எழுதியிருக்கிறார். பறவைக்காக அவரிடம் போன நான் சினிமா வரலாற்றுக்குள் நுழைந்தேன். அந்தப் பக்கம் போவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

நாவலும் என்னை இப்படி வெளியே இழுத்துவிட்டிருக்கிறது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. அதில் வருகிறவர்கள் எங்கள் பாட்டிமார் பேசிய மாதிரியே பேசுகிறார்கள் என்பதற்காகவே அதை மூன்று முறை படித்திருக்கிறேன். அவர் வேறென்ன எழுதினார் என்று தேடியபோதுதான், 'பதேர் பாஞ்சாலி' என்ற வங்காள நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே என்று தெரிந்தது. தாராபுரத்துப் பக்கத்துக் காட்டையும் மேட்டையும் எழுதிய கைதான் வங்காளத்து மழைக்கால கிராமத்தையும் தமிழில் எழுதியிருக்கிறது. பெருமாள்முருகனின் நாவல்களைப் படித்தவர்கள் நம் பக்கம் ஏராளம். ஆனால் கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றை அவர் தொகுத்திருக்கிறார் என்று சொன்னால் பலரும் அப்படியா என்கிறார்கள். அகராதியைப் போய் யாராவது உட்கார்ந்து படிப்பார்களா என்று என் தங்கை கேட்டாள். நான் படித்தேன். எங்கள் அம்மாயி புழங்கிய, பள்ளிக்கூடத்தில் சொல்ல நாங்கள் வெட்கப்பட்ட சொற்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் படித்தேன். ஒரு பக்கத்தைத் திறந்தால் மூடவே மனசு வராது.

இதை எல்லாம் யாரும் எனக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. கண்ணில் பட்டது, கை நீட்டி எடுத்தேன். கண்ணில் படுவதற்கே வழியில்லாமல் போவதுதான் என் வருத்தம். வேலை விஷயமாக அடிக்கடி போகும் இன்னொரு ஊரில் ஒரு நூலகம் இருக்கிறது. அங்கே புதிய புத்தகங்கள் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியிருக்கும். முதுகுப் பக்கம் மட்டும்தான் தெரியும். ஒரு மண்ணியல் புத்தகத்தைக் காட்டி எடுத்துத் தரச் சொன்னேன். "இன்னும் பதியலீங்க அக்கா, அடுத்த மாசம் வாங்க" என்றார் அங்கிருந்தவர். இரண்டு மாதம் கழித்துப் போனேன். பூட்டு அப்படியே இருந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஒற்றை ஆளாக வாசல் கூட்டுவதிலிருந்து பதிவேடு வரை எல்லாம் பார்க்கிறார். ஆனால் அந்த பீரோவுக்குள் இருப்பது ஊரார் காசு. என் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. ரூபாய்க்கு 10 காசு. நாடு விடுதலை பெற்ற பிறகு முதன்முதலாக வந்த பொது நூலகச் சட்டம் நம்முடைய அன்றைய சென்னை மாகாணத்துச் சட்டம்தான், 1948இல். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1931இலேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அதில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் புத்தகத்துக்கு அந்த வாசகர் எப்படிக் கிடைப்பார்?

செல்போன் இருக்கிறதே என்பார்கள். என் போனில் ஒரு நாவல் வாங்கினால் அதே மாதிரி இன்னும் இருபது நாவல் வந்து நிற்கிறது. பறவை வருவதில்லை, வயரிங் வருவதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை ஈரோட்டுக்குப் போகிறேன். மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்தும் புத்தகத் திருவிழா எங்களைப் போன்றவர்களுக்கு ஆடி, ஆவணியில் வருகிற இன்னொரு நோன்பி மாதிரி. முன்பெல்லாம் பட்டியல் எழுதிக்கொண்டு போய், அதில் இருப்பதை மட்டும் வாங்கித் திரும்புவேன். இப்போது கொண்டுபோகும் பணத்தில் பாதியைத் தனியாக முடிந்து வைக்கிறேன். அந்தப் பாதிக்கு எனக்கு எதுவுமே தெரியாத விஷயத்தில்தான் வாங்க வேண்டும். அட்டையையும் முன்னுரையையும் நம்புவதில்லை. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து நின்றபடியே படிப்பேன். அந்தப் பக்கம் அடுத்த பக்கத்தைத் திருப்ப வைத்தால் வாங்கிவிடுவேன். சென்ற முறை இப்படி வந்தது கல்வெட்டு படிப்பது பற்றிய ஒரு நூல். அதை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கோயில் சுவரில் இரண்டு எழுத்து கூட்டிப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது எழுத்து இன்னும் பிடிபடவில்லை.

சரி, உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். உங்கள் நூல் அறிமுகப் பக்கத்தை அந்த மேசை மாதிரி ஆக்கித் தர முடியுமா? நாவலுக்குப் பக்கத்தில் தென்னை நோய் பற்றிய நூல் இருக்கட்டும். கவிதைக்குப் பக்கத்தில் சொத்துச் சட்டம் இருக்கட்டும். புதிதாக வந்தவை மட்டும் போதாது. நூலகத்தில் வருஷக்கணக்காகத் தூங்குகிற பழைய நூல் ஒன்றையும் இதழுக்கு இதழ் எழுப்பிவிடுங்கள். பெ. தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதி எத்தனை நூலகங்களில் தூசி படிந்து நிற்கிறது! அதிலிருந்து மாதம் ஒரு பதிவைப் போட்டாலே பத்து பேர் எழுந்துபோய்த் தொகுதியைத் திறப்பார்கள். இன்னொன்று, மதிப்புரை எழுதுகிறவர் நூலைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, நூலுக்குள்ளிருந்தே ஒரு பத்தியை அப்படியே தரட்டும். அருமை, அவசியம் படிக்க வேண்டும் என்ற சொற்களை வைத்து என்னால் எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஒரு பத்தி இருந்தால் எனக்கே தெரிந்துவிடும்.

நூலகர்களும் உங்கள் இதழைப் படிப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசையில் சேர்ந்த புத்தகங்களை அவசரப்பட்டு அடுக்க வேண்டாம். இரண்டு நாள் கிடக்கட்டும். ஆள் பற்றாக்குறைக்கு அது இடைஞ்சல் இல்லை, வேலை கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

இப்போது என்னிடம் இருப்பது மண்புழு உரம் பற்றிய ஒரு சின்ன நூல். தேதிச் சீட்டில் எனக்கு முன்னால் ஒரே ஒரு முத்திரைதான் இருக்கிறது. புதன்கிழமை தவணை முடிகிறது. திருப்பிக் கொடுக்கும்போது மேசையில் மேலாக, அட்டை தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வெள்ளகோவில், திருப்பூர் மாவட்டம்