சுவைட்சரை எங்கே தொடங்குவது?

தருமபுரி

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட ஆல்பர்ட் சுவைட்சர் புத்தகங்கள் ஆறையும் கட்டி பஸ் பார்சலில் போட்டாச்சு, கண்ணு. பிரித்ததும் கைக்கு வந்ததை எடுத்துப் படிக்காதே. தத்துவத்தில் தொடங்கினால் ஐம்பது பக்கத்தில் மூடிவைத்துவிடுவாய்.

மெலிசாக இருக்கிறதே, 1921இல் வந்த ஆப்பிரிக்கக் காட்டு அனுபவங்கள், அதுதான் முதலில். இறையியலும் தத்துவமும் படித்து ஆர்கன் என்ற தேவாலய இசைக்கருவியை வாசிப்பதில் பெயர் எடுத்தவர், முப்பது வயதில் மருத்துவம் படிக்க உட்கார்ந்தார். 1913இல் மனைவி ஹெலனோடு ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் லாம்பரேனே என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். நோயாளி பார்க்க முதலில் கிடைத்த இடம் ஒரு கோழிக்கொட்டகை. குடலிறக்கம் சிக்கி வலியில் துடிக்கும் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். நெற்றியில் கைவைத்து, பயப்படாதே, தூங்கி எழுந்தால் வலி இருக்காது என்கிறார். அறுவை முடிந்து கண் திறந்தவர் வலி போய்விட்டது என்று வியந்து, டாக்டரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார். வார்டில் வேலை பார்க்கிற உனக்கு இதை விளக்க வேண்டாம். வலியிலிருந்து மீண்டவன், இன்னும் வலியில் கிடப்பவனுக்குக் கடன்பட்டவன் என்கிற அவருடைய எண்ணம் இந்தக் கட்டிலருகில்தான் தெளிவாகிறது. ஆனால் ஆப்பிரிக்கர்களைப் பற்றி, நான் உங்கள் சகோதரன்தான், ஆனால் மூத்தவன் என்று அதே புத்தகத்தில் எழுதுகிறார். அந்த அண்ணன் தோரணை தப்பு. அதைத் தாண்டிப் போகாமல் நின்று படி.

அடுத்தது 1931இல் எழுதிய தன்வரலாறு. 1915 செப்டம்பரில் ஓகோவே ஆற்றில் படகில் போகிறபோது, மூன்றாம் நாள் மாலை நீர்யானைக் கூட்டத்தைக் கடக்கையில், 'உயிருக்கு மரியாதை' என்ற சொல் அவருக்குத் தோன்றியது. அந்தப் பகுதியைப் படித்த பிறகே 1923இல் வந்த நாகரிகம் பற்றிய தத்துவ நூலைத் தொடு. அதிலும் பழைய தத்துவவாதிகளை வரிசையாக எடைபோடும் அத்தியாயங்களை இப்போதைக்குத் தள்ளிவிட்டு, உயிர்மரியாதை வரும் இடத்துக்குப் போ. மாட்டுத் தீவனத்துக்காகப் புல்வெளியில் ஆயிரம் பூவை அறுத்த விவசாயி, வீடு திரும்புகையில் வழியோரப் பூ ஒன்றைச் சும்மா தட்டிவிடக் கூடாது என்கிறார். தேவைக்கு அறுப்பது வேறு, கை சும்மா இல்லாமல் அழிப்பது வேறு. கேழ்வரகுத் தாள் அறுக்கும் நம் ஊர்க்காரர் யாருக்கும் இது சட்டென்று புரியும்.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பற்றிய இரண்டு தொகுதிகளைக் காதில் இசை இல்லாமல் படித்தால் ஒன்றும் ஒட்டாது. 1899இல் பாரிஸில் அவருடைய ஆசிரியர் விடோர், பாக்கின் கோரல் முன்னிசைகள் (தேவாலயப் பாட்டுகளை வைத்து ஆர்கனுக்கு எழுதியவை) திடீர் திடீரென்று வேறு போக்கில் திரும்புவது ஏன் என்று புரியாமல் கேட்டார். அந்தப் பாட்டுகளின் வார்த்தைகளைப் பாருங்கள் என்றார் மாணவர். சாகித்தியம் தெரியாமல் நாதஸ்வரத்தில் ஒரு கீர்த்தனையைக் கேட்பது மாதிரிதான். யூடியூபில் BWV 637 என்று தேடு, பாக் படைப்புகளின் பட்டியலில் அதன் எண் அது. ஆதாமின் வீழ்ச்சியைப் பாடும் பாட்டு அது. காலால் மிதித்து வாசிக்கும் கீழ்ச்சுரத்தை மட்டும் கவனி: படி தவறியவன் போல் தாவித் தாவி விழும். ஹெட்போன் போட்டுக்கொள், போன் ஸ்பீக்கரில் அந்தக் கீழ்ச்சுரம் அமுங்கிவிடும். பாக்கில் எல்லாவற்றையும் இப்படிப் படமாகப் பார்க்க முடியாது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. முதல் தடவை கேட்க இது நல்ல கைப்பிடி.

இந்தியச் சிந்தனை பற்றிய நூலில் குறள் வரும் பக்கத்தில் சீட்டு வைத்திருக்கிறேன். நம் மரபு பெரும்பாலும் உலகைத் துறக்கச் சொல்வது என்பது அவர் கட்சி. மொழிபெயர்ப்புகளை வைத்தே எழுதியதால் பல இடங்களில் ஒரே கோலால் அளக்கிறார். ஆனால் குறளிடம் வந்ததும் அன்பையும் செயலையும் கண்டு மனதாரப் புகழ்கிறார். பக்கத்தில் 315ஆம் குறளை வைத்துக்கொள்:

அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய்
தந்நோய்போல் போற்றாக் கடை.

ஏசுவின் வரலாற்றைத் தேடிய 1906 நூலைக் கடைசிக்கு வை. ஒவ்வொரு காலத்து அறிஞரும் தன் முகத்தையே ஏசுவுக்கு வரைந்தார் என்று காட்ட, பெரும்பாலும் ஜெர்மன் ஆய்வாளர்களை ஒருவர் பின் ஒருவராக எடுத்துக்கொள்கிறார். பெயர்களை மனப்பாடம் செய்யாதே. முதல் அத்தியாயம், பிறகு கடைசி அத்தியாயம், அப்புறம் நடுப்பகுதி. ஆராய்ச்சி அத்தனையும் முடிந்த பின்னும் அவர் நம்பிக்கை ஏன் உடையவில்லை என்பது கடைசிப் பத்தியில் இருக்கிறது. அதை நைட் டூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் படிக்காதே, லீவு நாளில் படி.

அன்புடன்,
அப்பா