கோடு மறைந்தால் குடித்ததாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'குடித்தால் 80 மணி நேரம் சிறுநீர் காட்டிக்கொடுக்கும்' என்று பெங்களூருவின் மறுவாழ்வு மையங்களிலும், ஆள் எடுக்கும் அலுவலகங்களிலும் அடித்துச் சொல்கிறார்கள். மூக்குமுட்டக் குடித்தவருக்குப் பொருந்தும் உச்ச வரம்பு அது. ஒன்றிரண்டு பெக் என்றால் பெரும்பாலும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. சிறுநீரகம் பழுதானவருக்குக் கூடுதல் நாள் தங்கும்.

மது அரை நாளில் வெளியேறிவிடும். பிறகு பிடிபடுவது, அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உடலில் உருவாகும் ஈடிஜி என்ற பொருள். எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்பதிலும் வித்தியாசம் உண்டு. மில்லிக்கு 100 நானோகிராம் என்று வைத்தால் மாட்டுகிறவர் 500 என்று வைத்தால் தப்பிவிடுவார். 100இல் மது கலந்த மவுத்வாஷ்கூட ஆளை மாட்டிவிடலாம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற தசமூலாரிஷ்டத்திலும் நொதித்து உண்டான மது இருக்கிறது!

இதைச் சிறுநீரில் சோதிக்கும் பட்டையான ஸ்ட்ரிப்பைப் படிப்பதிலேயே பலர் தவறுகிறார்கள். கர்ப்பப் பரிசோதனைக்கு நேர்மாறு இது. 'டி' என்ற சோதனை இடத்தில் கோடு வந்தால் நெகட்டிவ், வராவிட்டால்தான் பாசிட்டிவ். மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலும் நெகட்டிவ்தான். ஸ்ட்ரிப் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் 'சி' கோடே வராவிட்டால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது, குப்பையில் போடுங்கள்.

மாதிரியை வெளியில் வைப்பது இன்னொரு வம்பு. சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் ஈஸ்ட் இருந்து, குப்பி வெப்பத்தில் கிடந்தால், உள்ளேயே மது ஊறும். கூடவே ஈ.கோலை கிருமியும் இருந்தால் அந்த மதுவிலிருந்து ஈடிஜியே உருவாகலாம். அதே கிருமி, உண்மையில் குடித்தவரின் ஈடிஜியைச் சிதைத்தும் விடும். குடித்தால் உடலில் உருவாகும் ஈடிஎஸ் என்ற இன்னொரு தடயத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கிருமிகளின் வேலையைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பியில் எடுத்து, உடனே ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள்.

குடம் குடமாகத் தண்ணீர் குடித்து வருகிறவர்களும் உண்டு. சிறுநீரில் வழக்கமாக வெளியேறும் கழிவான கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மாதிரி நீர்த்துவிட்டது என்று பொருள். நெகட்டிவை நம்பாமல் மறுபடி எடுக்க வேண்டும்.

ஸ்ட்ரிப் பாசிட்டிவ் என்றதும் வேலையை விட்டு நிறுத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அதே குப்பியின் மீதியை எல்சி-எம்எஸ் என்ற, பொருளைப் பிரித்துத் துல்லியமாக அடையாளம் காணும் கருவி முறையில் உறுதி செய்யுங்கள். ரிப்போர்ட்டில் மாதிரி எடுத்த நேரம், பாசிட்டிவுக்கான வரம்பு அளவு, கிரியேட்டினின் மூன்றும் அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் பரிசோதனைக்கூடத்துக்கே திருப்பி அனுப்பலாம்.

இப்படிக்கு,
பரிசோதனைக்கூடப் பணியாளர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.