தங்கம் விலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று போன மாதம் நாலு பக்க இணைப்பு ஒன்று போட்டிருந்தீர்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் சரி. ஆனால் என்னைப் போன்ற கடலூர்க்காரர்கள் பல பேருக்குக் கோடைச் சுற்றுலா என்றால் சென்னைதான். அத்தை வீடோ சித்தப்பா வீடோ அங்கே இருக்கும், படுக்க ஒரு பாய் கிடைக்கும், பஸ்ஸுக்குக் காசு இருந்தால் கிளம்பிவிடலாம். நீங்களும் கால் பக்கம் சென்னைக்கு ஒதுக்கி, எழும்பூர் அருங்காட்சியகத்தைக் கலரில் போட்டிருந்தீர்கள். எந்தக் கிழமை அது மூடியிருக்கும் என்று மட்டும் போடவில்லை. நானும் யாரிடமும் விசாரிக்கவில்லை, அது என் தப்பு.

திருப்பூரிலிருந்து பேரனும் பேத்தியும் லீவுக்கு வந்திருந்தார்கள். முதல் பத்து நாள் ஓடியதே தெரியவில்லை. காலையில் அவர்கள் ஆயா (என் வீட்டுக்காரி) மாடியில் கூழ்வடகம் ஊற்றிக் காயவைத்தால் காக்கா விரட்டுவது இவர்கள் வேலை (பாதி வடகம் ஈரத்தோடு இவர்கள் வாய்க்குள்ளேயே போய், பழி காக்கா மேல் விழுந்தது). மத்தியானம் நுங்கு, இல்லாவிட்டால் பண்ருட்டி பலா, சாயங்காலம் சில்வர் பீச். ஒரு நாள் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை இருந்த இடத்தைக் காட்டி, 1690இல் ஆங்கிலேயர்கள் அதை மராத்தியர்களிடம் விலைக்கு வாங்கிய கதையைச் சொன்னேன். பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் எங்களுக்கு என்று எல்லை கட்டினார்கள், அதற்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் வந்துவிட்டது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் கிழக்கிந்தியக் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் இங்கே வந்து, 1752 வரைக்கும் இருந்தது. "அப்ப ஆறு வருஷம் மெட்ராஸுக்கே நாமதான் ஹெட்டா தாத்தா?" என்றான் பேரன். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். அப்புறம் சென்னையில் இருக்கிற புனித ஜார்ஜ் கோட்டையையும் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டான். பேத்திக்குத் திமிங்கல எலும்புக்கூடு. எழும்பூரில் இருக்கிறது என்று வாய் தவறிச் சொன்னதும் நான்தான்.

சனிக்கிழமை சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு வளைகாப்பு. ஒரு நாள் முன்னாடியே போய் ஊரைச் சுற்றிக் காட்டிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை விடிகாலை நாலு பேரும் கிளம்பினோம். மரக்காணம் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது, உப்பளத்தில் கீற்று போட்டு மூடி வைத்திருந்த உப்புக் குவியல்களை பேத்தி வீடு என்று நினைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். திருவான்மியூரில் இறங்கி டவுன் பஸ். ஆயாவுக்கும் அவளுக்கும் டிக்கெட் கிடையாது, எனக்கும் பேரனுக்கும் உண்டு. அவன் முகத்தைப் பார்த்து அவள் நாக்கைத் துருத்தியதில் பஸ்ஸே சிரித்தது.

எழும்பூர் கேட்டில் காவலாளி சொன்னது மூன்றே வார்த்தை: "வெள்ளிக்கிழமை லீவு சார்." 1851இலிருந்து இருக்கிற இடம், வாராவாரம் வெள்ளி விடுமுறை, எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. எங்களுக்கு முன்னாலேயே இரண்டு குடும்பம் அதே கேட்டில் நின்றுகொண்டிருந்தது, ஒன்று சாத்தூர்ப் பக்கம். அந்த அம்மா சோற்றுத் தூக்கோடு வந்திருந்தார். வெயிலோ அக்னி நட்சத்திர வெயில், தரையில் செருப்பு ஒட்டுகிறது.

சரி, கோட்டைக்காவது போவோம் என்று மெட்ரோவில் ஏறினோம். சென்ட்ரல் அடுத்த ஸ்டேஷன்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அந்த ஒரு ஸ்டேஷனே ஊட்டி. குளிர்ந்த காற்றில் நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடைசியில் ஆயா அதட்டித்தான் வெளியே வந்தார்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குப் போனால், பையை எல்லாம் சோதித்துவிட்டு அங்கேயும் அதே பதில். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை. ஆறு வருஷம் மேலிடமாக இருந்த ஊர்க்காரன் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன்.

மூன்று மணிக்கு மேல் மெரினா கலங்கரை விளக்கம் காப்பாற்றியது. லிஃப்டில் ஒன்பதாவது மாடிக்கு ஏறி, கம்பிக்குப் பின்னாலிருந்து கடலைப் பார்த்ததும் இருவரும் காலையில் நடந்ததை மறந்துவிட்டார்கள். "இந்தக் கடல் அப்படியே நம்ம சில்வர் பீச்சுக்கும் போகுதா?" என்று பேத்தி கேட்டாள். போகிறது என்று தெற்கே கை காட்டினேன். இதுவே திங்கட்கிழமையாக இருந்திருந்தால் அதுவும் மூடியிருக்கும்.

"கூகுளில் பார்த்திருக்கலாமே மாமா" என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். பார்த்திருக்கலாம்தான். ஆனால் என் வயதில் இருக்கிறவர்கள் காலையில் முதலில் கையில் எடுப்பது உங்கள் பேப்பரைத்தான். தங்கம் விலை, ராசிபலன், சினிமா எல்லாம் தவறாமல் வருகிறது. ஏப்ரல், மே இரண்டு மாதம் மட்டும் தங்கம் விலைக்குப் பக்கத்தில், சென்னையில் நாளைக்கு எதெது மூடல் என்று தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டால் என்ன? வண்டலூர் உயிரியல் பூங்காவும் கிண்டி சிறுவர் பூங்காவும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆனால் கோடையில் சில செவ்வாய்களில் வண்டலூரைத் திறப்பதாகவும் அறிவிப்பு வருவதுண்டு. அதனால்தான் வருடத்துக்கு ஒரு தடவை பட்டியல் போடாமல் தினமும் போடுங்கள் என்கிறேன். வெளியூர் பஸ்கள் பாதிக்கு மேல் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன, வண்டலூர் அங்கிருந்து கூப்பிடு தூரம். பிள்ளைகளோடு இறங்குகிற யாரும் முதலில் அங்கேதான் போகப் பார்ப்பார்கள். முந்தின நாளே போட்டால்தான் உபயோகம், அன்றைக்குக் காலையில் போட்டால் நாங்கள் மரக்காணம் தாண்டியிருப்போம்.

எது எந்தக் கிழமை மூடல் என்று பேரன் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறான், வெள்ளிக்கிழமையைச் சிவப்பு மையில் மூன்று தடவை அடிக்கோடிட்டிருக்கிறான். வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன். கையெழுத்துதான் கொஞ்சம் கோணல்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தாத்தா
கடலூர்